எஞ்சினை இரட்டித்தால் வேகம் இரட்டிக்குமா? வேகப் படகுகள் உருவாகும் விதம்

உங்கள் படகைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏழு மீட்டர் ஃபைபர் படகு. பின்னால் 150 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். ஆட்களும் எரிபொருளும் சேர்ந்து 1,800 கிலோ. அமைதியான நீரில் 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர்) ஓடுகிறது. 300 குதிரைத்திறன் எஞ்சினை மாட்டினால் 70 நாட் வருமா? வராதென்றால் பந்தயப் படகுகள் மட்டும் 100 நாட்டைத் தாண்டுவது எப்படி? அவற்றை எப்படி வடிவமைக்கிறார்கள், எதைக் கொண்டு கட்டுகிறார்கள்?

70 வராது, 47 வரும். இதற்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கோல்டு கப் பந்தயத்தை 1924இல் வென்ற 'பேபி பூட்லெக்கர்' படகை வரைந்த ஜார்ஜ் கிரவுச்சின் பெயரால் அதை அழைக்கிறார்கள். படகின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்துக் குதிரைத்திறனால் வகுங்கள். வரும் எண்ணின் வர்க்கமூலத்தைக் கொண்டு ஒரு மாறிலியை வகுத்தால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். மாறிலி சாதாரண உல்லாசப் படகுக்கு 150, எடை குறைந்த வேகப் படகுக்கு 190, பந்தயப் படகுக்கு 210, இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகுக்கு 230. உங்கள் படகுக்கு 180 என்று வைத்தால் 35 நாட் அச்சாக வந்துவிடுகிறது. இப்போது எஞ்சினை இரட்டியுங்கள். எஞ்சினின் கூடுதல் எடை, அது குடிக்கும் எரிபொருளுக்கான பெரிய டாங்க் எல்லாம் சேர்த்து 2,000 கிலோ என்று கொண்டால் விடை 47. எடை ஒரு கிலோ கூடக் கூடவில்லை என்றாலும் 50ஐ எட்டாது. இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு திறன் வேண்டும். எடையைப் பாதியாக்கினாலும் திறனை இரட்டித்த அதே பலன் கிடைக்கும் என்பதும் இந்தச் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. பந்தயப் படகு கட்டுபவர்கள் கிராம் கணக்குப் பார்ப்பது இதனால்தான்.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு அலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. தட்டையான ஏரியில் எண் பலகையில் தெரியும் வேகம் ஒரு விளம்பரம். ஒரு மீட்டர் அலையில் அந்த வேகத்தில் எவ்வளவைப் படகும் அதற்குள் இருப்பவரும் தாங்குகிறார்கள் என்பதுதான் வடிவமைப்பு. வேகப் படகின் வரலாறே இந்த இரண்டாவது எண்ணைத் துரத்திய வரலாறு என்பேன்.

முதலில் அடிப்படை. மெதுவாகப் போகும் படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கிறது. வேகம் கூடும்போது தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. ஒன்பது மீட்டர் நீர்க்கோடு (நீரைத் தொடும் நீளம்) உள்ள படகுக்கு இந்தச் சுவர் ஏறத்தாழ 7 நாட்டிலேயே வந்துவிடும். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு நீரிலிருந்து எழுந்து, அடிப்பாகத்தின் பின்பகுதியை மட்டும் நீரில் வைத்து ஓட வேண்டும். இதைத்தான் பிளேனிங் என்கிறோம். அந்த நிலையில் படகின் எடையைப் பெரும்பாலும் சுமப்பது, சாய்ந்த அடிப்பாகத்தின் மீது மோதி இறங்கும் நீரின் அழுத்தம். அணியம், அதாவது படகின் முன்முனை, சற்றே தூக்கியிருக்கும் இந்தச் சாய்வு நான்கு பாகையை ஒட்டி இருக்கும்போது மொத்த இழுவை குறைவாக இருக்கும். கூடினால் படகு மலையேறுவதுபோல் திணறும். குறைந்தால் நனைந்த பரப்பு கூடி உராய்வு விழுங்கிவிடும். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் சவிட்ஸ்கி 1964இல் வெளியிட்ட கட்டுரை இதையெல்லாம் கணக்காக்கியது. இன்றும் வேகப் படகின் முதல் வரைவுக்கு அந்தச் சமன்பாடுகளைத்தான் எடுக்கிறார்கள்.

பிளேனிங்குக்கு மிகச் சிறந்தது தட்டையான அடிப்பாகம். குறைந்த திறனில் எழுந்து நிற்கும், வேகமும் அதிகம். சிக்கல் அலையில் தொடங்குகிறது. உள்ளங்கையை விரித்து நீரை அறைந்து பாருங்கள். பிறகு கையின் விளிம்பால் வெட்டிப் பாருங்கள். 30 நாட்டில் தட்டையான அடிப்பாகம் ஒவ்வோர் அலையிலும் அந்த முதல் வேலையைத்தான் செய்கிறது. 1950கள் வரை வேகப் படகுகளின் அணியம் கூராக இருந்தாலும் பின்னால் வர வர அடிப்பாகம் தட்டையாகிவிடும். அலையில் மோதும் பகுதி கூர், ஓடும் பகுதி தட்டை என்ற அந்தச் சமரசம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. படகு காற்றில் எழும்பித் திரும்ப விழுவது பின்பகுதியில் என்பதை அது மறந்துவிட்டது.

அதை மாற்றியவர் ரே ஹண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அடிப்பாகத்தின் இருபுறமும் நடுக்கோட்டிலிருந்து மேல்நோக்கிச் சாயும் கோணத்தைப் பின்பலகை வரை ஏறத்தாழ 24 பாகையாகவே கொண்டுபோனார். 'ஆழ் வி' வடிவம் என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுதான். 1958இல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டிக்கான தேர்வுப் பந்தயங்கள் நடந்தபோது அவருடைய 23 அடிப் படகு ஒன்று கொந்தளிக்கும் நீரில் சாதாரணமாக ஓடுவதை மயாமியைச் சேர்ந்த டிக் பெர்ட்ராம் பார்த்தார். தனக்கும் ஒன்று பெரிதாக வேண்டும் என்று கேட்டு வாங்கி, மனைவியின் செல்லப்பெயரான 'மாப்பி' என்பதையே அதற்கும் சூட்டினார். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு நடந்த பந்தயத்தன்று கடல் மிக மோசம். மாப்பி எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வந்த சிறிய படகும் ஹண்ட் வரைந்ததுதான். ஓட்டியவர் ஜிம் வின். மூன்றாவது படகு மறுநாள் வந்தது. மற்றவர்கள் எஞ்சினை முழு வேகத்துக்குத் திறக்க முடியாமல் தவித்தார்கள். மாப்பியால் திறந்தே வைத்திருக்க முடிந்தது. மரத்தால் ஆன அந்த மாப்பியையே மாதிரியாக வைத்து அச்செடுத்து ஃபைபர் கண்ணாடியில் வார்த்ததுதான் பெர்ட்ராம் 31. இன்றும் அதைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள்.

24 பாகை இலவசமாகக் கிடைப்பதில்லை. அதே எடையைத் தூக்கக் கூடுதல் திறன் வேண்டும், நின்றிருக்கும்போது படகு அதிகம் ஆடும். இழந்த தூக்குவிசையில் கொஞ்சத்தை மீட்கத்தான் அடிப்பாகத்தில் நீளவாக்கில் முக்கோணப் பட்டைகள் ஓடுகின்றன. மேலேறி வரும் நீரை அவை வெளியே வெட்டி எறிகின்றன. குடும்பத்தோடு போகும் படகுக்கு 18 முதல் 20 பாகை போதும் என்பது என் கருத்து. காட்சியறையில் '24 பாகை' என்று பெருமையாகச் சொல்லும் விற்பனையாளரிடம், இந்தப் படகு எத்தனை நாட் வேகத்தில் எந்தக் கடலில் ஓடப்போகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இழை உண்டு. 1926இல் கராச்சியில் பிறந்து, பம்பாயில் படகு கட்டத் தொடங்கியவர் சன்னி லெவி. பிறகு இத்தாலிக்குப் போய் ஆன்சியோவில் வேலை பார்த்தார். 1961இல் இங்கிலாந்தில் தொடங்கிய கவ்ஸ்–டார்க்கே பந்தயத்துக்காக 'ஆ ஸ்பெரான்சியெல்லா' படகை வரைந்தார். மேலிருந்து பார்த்தால் அணியத்தில் ஒடுங்கிப் பின்னால் அகலும் டெல்டா வடிவம் அவருடைய முத்திரை. அலைக்குள் நுழையும் இடத்தில் பரப்பு குறைவு. எடையைச் சுமக்கும் பின்பகுதியில் பரப்பு அதிகம். மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கட்டிய அவருடைய 'சர்ஃப்யூரி' 1967இல் அந்தப் பந்தயத்தை வென்றது. 1986இல் அட்லாண்டிக்கை 3 நாள் 8 மணி 31 நிமிடத்தில் கடந்த 'வர்ஜின் அட்லாண்டிக் சேலஞ்சர் 2' படகும் அவர் வரைந்ததே. 1952இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' பயணிகள் கப்பல் எடுத்த நேரத்தைவிட வெறும் 2 மணி 9 நிமிடம்தான் குறைவு. நடுக்கடலில் எரிபொருள் நிரப்பும்போது தண்ணீர் கலந்துவிட்டதால் அந்தச் சிறிய வித்தியாசமும் ஏறக்குறையக் கைநழுவிப் போயிருக்கும்.

லெவியைப் படிப்பவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. வேகப் படகின் எடைமையம் பொதுவாகப் பின்பலகையிலிருந்து நீளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் ஐந்தில் இரண்டு பங்குக்கும் இடையில் விழும். அது அதிகமாகப் பின்னால் போனால் அணியம் தூக்கும், விழும், மறுபடி தூக்கும். தட்டையான நீரில் அலையே இல்லாமல் படகு ஓங்கில் மீன் போலத் துள்ளத் தொடங்கும். முன்னால் போனால் அணியம் நீரில் புதைந்து, திருப்பத்தில் படகு தன் மூக்கைச் சுற்றியே சுழலும். இன்னொரு தொல்லை பக்கவாட்டில் வரும். ஆழ் வி படகு வேகமெடுக்க எடுக்கக் குறுகலான நடுக்கோட்டின் மேல்தான் நிற்கிறது. அங்கிருந்து இடமும் வலமுமாகச் சாய்ந்தாடத் தொடங்கும். அனுபவமுள்ளவர் திசைச்சக்கரத்தைச் சிறு சிறு அசைவுகளால் திருத்தி ஓட்டிவிடுவார். அனுபவமில்லாதவர் தாமதமாகத் திருத்தி ஆட்டத்தைப் பெரிதாக்குவார்.

அடுத்தது புரொப்பெல்லர். 45, 50 நாட்டுக்கு மேல் சாதாரண புரொப்பெல்லரின் இறக்கைக்குப் பின்னால் அழுத்தம் அவ்வளவு குறைந்துவிடுகிறது. நீர் அறை வெப்பத்திலேயே கொதித்துக் குமிழியாகிறது. குமிழிகள் உடையும் இடத்தில் உலோகம் அரிக்கப்படுகிறது. புரொப்பெல்லரைப் பாதி நீருக்கு வெளியே வைத்து ஓட்டினால் இறக்கையின் பின்புறத்தில் ஆவிக்குப் பதில் காற்று நிரம்பும், அரிப்பு இராது, தண்டும் தாங்கியும் நீரில் இழுபடுவதும் குறையும். ஆல்பர்ட் ஹிக்மன் என்ற கனடாக்காரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் 'சீ ஸ்லெட்' படகுகளில் இதைச் செய்துகாட்டினார். லெவி அதை மேலும் வளர்த்தார். ஹோவர்ட் ஆர்னசனின் அமைப்பு பிறகு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குறை என்னவென்றால், பாதி மூழ்கிய புரொப்பெல்லர் பின்னோக்கி ஓடுவதிலும் நின்ற நிலையிலிருந்து படகை எழுப்புவதிலும் சோம்பேறி.

இன்னும் வேகம் வேண்டுமானால் நனைந்த பரப்பைக் குறைக்க வேண்டும். அடிப்பாகத்தில் குறுக்கே ஒரு படி வெட்டி, பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துவிட்டால் படிக்குப் பின்னால் நீர் ஒட்டாது. நேர்க்கோட்டில் இது அருமை. திருப்பத்தில் ஒரு பக்கத்துக் காற்றுவழி அடைபட்டால் அந்தப் பக்கம் திடீரென்று நீரைப் பற்றிக்கொள்ளும். அந்த நேரம் பயந்து எஞ்சினைச் சட்டென்று அடைத்தால் அணியம் இறங்கிப் படகு சுழன்று ஆட்களை வெளியே வீசிவிடும். படி வைத்த படகை வாங்கும் எவரும் முதல் நாள் தேர்ந்த ஒருவரோடு போய்த் திருப்பங்களைப் பழக வேண்டும். பெரும்பாலோர் செய்வதில்லை.

100 நாட்டை நெருங்கும்போது காற்றே படகைத் தூக்கத் தொடங்குகிறது. இரட்டை உடல் படகின் நடுச்சுரங்கம் ஒரு விமான இறக்கை போல வேலை செய்து எடையில் கணிசமான பங்கைச் சுமக்கிறது. இதுதான் உங்கள் 100 நாட்டுக் கேள்விக்கு விடை. ஆனால் அணியம் சற்று அதிகமாகத் தூக்கினால் தூக்குவிசை இன்னும் கூடும், அணியம் இன்னும் எழும், படகு பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் டொனால்டு கேம்பெல்லின் 'புளூபேர்டு' மணிக்கு 300 மைலைத் தாண்டிய வேகத்தில் இப்படித்தான் மேலெழுந்து விழுந்தது. நீர்மேல் வேகச் சாதனை இன்றும் கென் வார்பியின் பெயரில்தான் இருக்கிறது. சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரத்தாலும் ஃபைபராலும் கட்டிய படகில், உபரிப் பொருளாக வாங்கிய ஜெட் எஞ்சினை வைத்து, 1978 அக்டோபர் 8 அன்று ப்ளவரிங் அணை நீர்த்தேக்கத்தில் மணிக்கு 511 கிலோமீட்டர் ஓடினார். அதை முறியடிக்கப் புறப்பட்ட லீ டெய்லர் 1980இலும் கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989இலும் உயிரிழந்தார்கள்.

இனி கட்டுமானம். நம் கரையோரங்களில் 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் மீன்பிடிப் படகுக்கும் பந்தயப் படகுக்கும் அடிப்படை ஒன்றே: கண்ணாடி இழையும் பிசினும். வேறுபாடு விகிதத்தில் இருக்கிறது. பாய் போன்ற துண்டு இழையைக் கையால் பிசின் பூசிப் படிய வைத்தால் எடையில் முப்பது சதவீதம்தான் இழை. மீதி எல்லாம் பிசின். பிசின் எடையைத் தருகிறது, வலிமையைத் தருவது இழை. ஒரே திசையில் ஓடும் இழைகளை அடுக்கித் தைத்த துணியை அச்சில் உலர்வாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தால் பிசினை உள்ளே இழுத்தால் இழையின் பங்கு அறுபது, எழுபது சதவீதம் வரை போகும். அதே வலிமைக்குச் சுவர் மெலிகிறது. இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவில் பால்சா மரத்தையோ பி.வி.சி. நுரையையோ வைத்தால் எடை அதிகம் கூடாமல் விறைப்பு பன்மடங்காகும். ஆனால் நீர்க்கோட்டுக்குக் கீழே பால்சா வைத்த படகில் யாராவது ஒரு திருகாணியைச் சரியாக அடைக்காமல் விட்டால், உள்ளே புகுந்த நீர் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் மரத்தை அழுகவைக்கும். அதனால் அடிப்பாகத்தைக் கெட்டி இழையாகவே கட்டும் பழைய பள்ளிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடிவதில்லை. கார்பன் இழை விறைப்பானது, மோதலில் திடீரென்று உடையும். கெவ்லார் மோதலைத் தாங்கும், அமுக்கத்தில் பலவீனம், வெட்டவும் தேய்க்கவும் படாதபாடு. எதை எங்கே வைப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும்.

உள்ளே நீளவாக்கில் ஓடும் விட்டங்களும் குறுக்குச் சுவர்களும் அடிப்பாகத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றன. அலை அறையும் அழுத்தம் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். குறுக்குச் சுவரின் விளிம்பை அடிப்பாகத்தில் நேரே முட்டவிடக் கூடாது. அந்தக் கோட்டில்தான் முதல் விரிசல் வரும். நடுவில் ஒரு நுரைப் பட்டை வைத்து, இருபுறமும் இழைப் பட்டைகளால் பிணைக்க வேண்டும்.

வெளியாள் கண்ணுக்கே படாத ஒன்றுக்குக் கைதேர்ந்த கட்டுநர்கள் பல நாள் செலவிடுகிறார்கள்: அடிப்பாகத்தின் கடைசி ஒன்றரை இரண்டு மீட்டர். அது நூல் பிடித்ததுபோல் நேராக இருக்க வேண்டும். பின்பலகையை நெருங்கும் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் கீழ்நோக்கி வளைந்திருந்தாலே போதும், அது அணியத்தை அழுத்திப்பிடித்து உச்ச வேகத்தைத் தின்றுவிடும். மேல்நோக்கி வளைந்திருந்தால் அணியம் தூக்கிப் படகு துள்ளும். பிசின் முழுதாக இறுகும் முன் அச்சிலிருந்து எடுப்பதும், படகை டிரெய்லரில் தவறான இடத்தில் தாங்கிப் பல மாதம் நிறுத்திவைப்பதும் இந்த வளைவை உண்டாக்கும். பின்பலகையின் கீழ் விளிம்பும் கத்தி முனைபோல் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய விளிம்பைச் சுற்றி நீர் மேலேறிப் படகைப் பின்னுக்கு இழுக்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் எல்லையில் நிற்பது மனித உடல். வேகப் படகுகளில் ஒரே அறையலில் ஈர்ப்பு முடுக்கத்தின் பத்து மடங்கைத் தாண்டிய அதிர்ச்சி பதிவாகியிருக்கிறது. முதுகெலும்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் யோஹான் உல்மன் அதிர்ச்சியை வாங்கும் இருக்கைகளை உருவாக்கப் போனது இதனால்தான். கடல் பந்தயங்களில் திசையை ஒருவரும் எஞ்சினை இன்னொருவரும் கவனிப்பார்கள். படகு நீரை விட்டு எழும்பும் கணத்தில் இரண்டாமவர் எஞ்சினைத் தாழ்த்தி, விழும் கணத்தில் திறக்க வேண்டும். இல்லையென்றால் காற்றில் வெறிபிடித்துச் சுழலும் புரொப்பெல்லர் நீரைத் தொட்டதும் பல்சக்கரப் பெட்டி நொறுங்கும். நீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும் ஹைட்ரோபிளேன் படகுகளின் அமெரிக்கப் பந்தயத்தில் 1981இல் பில் மன்சியும் 1982இல் டீன் செனோவெத்தும் இறந்தபின், 1986இல் 'மிஸ் பட்வைசர்' எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடி மூடியை ஓட்டுநர் அறைக்கு மேல் வைத்துக்கொண்டு வந்தது. விரைவில் மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். கார் பந்தயத்திலிருந்து படகுக்கு வந்த டிடியே பிரோனி 1987இல் ஐல் ஆஃப் வைட் அருகே இறந்ததற்குக் காரணம், ஓர் எண்ணெய்க் கப்பல் விட்டுச்சென்ற அலை.

இப்போது உங்கள் படகு. எஞ்சின் வாங்கும் முன் அதை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். பழைய ஃபைபர் படகுகளின் தளத்துக்கு அடியில் இருக்கும் நுரை, நீரை உறிஞ்சி நூறு, இருநூறு கிலோ கூடியிருப்பது அபூர்வமல்ல. அடிப்பாகத்தின் பின்பகுதியில் நேரான ஒரு நீள் சட்டத்தை வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சினைப் பின்பலகையில் பொருத்தும் துளைகளில் ஒரு துளை உயர்த்தி, எஃகு புரொப்பெல்லர் ஒன்றைக் கடன் வாங்கி ஓட்டிப் பாருங்கள். இவற்றிலேயே மூன்று, நான்கு நாட் கிடைக்கக்கூடும். அதற்குப் பிறகும் 300 வேண்டும் என்றால், பின்பலகையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை அழுகியிருந்தால் ஓசை மந்தமாக மாறும். படகில் கட்டுநர் பதித்த தகட்டில் எத்தனை குதிரைத்திறன் வரை அனுமதி என்று எழுதியிருக்கும். 300 அதற்கு மேல் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதற்குள் அடங்கினால், பின்னால் கூடிய எடைக்கு ஈடாக பேட்டரியையும் எரிபொருள் டாங்கையும் முன்னால் நகர்த்துங்கள். முழு வேகத்தில் அந்த எஞ்சின் மணிக்குச் சுமார் 100 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு இப்போது சாவிக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்; 35 நாட்டிலேயே அதை உங்கள் காலில் மாட்டிக்கொள்ளத் தொடங்குங்கள்.